அடுத்த வீட்டுத் தொட்டில்



நம் பங்குகளில் வயதான தாய் ஒருவர் இறைவனடி சேர்ந்தால், அடக்கத் திருப்பலிக்குக் கோவில் நிரம்பிவிடும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்வரிசையில் அழுதுகொண்டிருப்பார்கள். பின்வரிசைகளில், உறவுமுறை எதுவும் சொல்ல முடியாத பலர் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தத் தாயிடம் ஜெபம் படித்தவர்கள், அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள், மகப்பேற்றுக்கு மருத்துவமனை போனபோது அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டவர்கள். மறையுரை ஆற்றும் குருக்களாகிய நாங்களோ, 'தியாகத்தின் திருவுருவம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவோம். நாற்பது, ஐம்பது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துவிடுகிறது. அந்தத் தாய் என்னென்ன செய்தார், அவர் செய்துகொண்டிருந்தபோது நாம் எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. இன்று நாம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு துக்க வீடு வருகிறது. யோப்பா ஊரில் தபித்தா என்ற பெண் சீடர் நோயுற்று இறந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டி மேல்மாடியில் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு வந்து சேர்ந்ததும் கைம்பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். அழுதுகொண்டே, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் நல்லவர் என்று சொல்ல அந்தப் பெண்களுக்குப் பெரிய வார்த்தைகள் தேவைப்படவில்லை. கையில் துணி இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

துணியும் ஊசியும் கையுமாக வாழ்ந்த இன்னொரு பெண்ணை இன்று நினைத்துப் பார்ப்போம். வட இத்தாலியில் விச்சென்சா நகரை அடுத்துள்ள குயின்தோ விச்சென்தினோ என்ற ஊரில், 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் எவுரோசியா ஃபப்ரிஸ் பிறந்தார். வீட்டில் ரோசினா என்று அழைத்தார்கள். அவருக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் பக்கத்திலுள்ள மரோலா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. வயல் வேலைக்கு ஆள் வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டு. அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். மறைக்கல்விப் புத்தகத்தைப் படிக்க அது போதும். வளர்ந்ததும் பங்கிலுள்ள பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். இளம்பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார்.

1885-இல், அவர் வீட்டுக்கு அருகில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள் எஞ்சினார்கள். மூத்தவளுக்கு இருபது மாதம். இளையவளுக்கு இரண்டே மாதம். தாத்தா தீராத நோயாளி. வீட்டிலிருந்த ஆண்களுக்குள் ஓயாத சச்சரவு. ரோசினா தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போனார். குழந்தைகளைக் கவனித்து, வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்பினார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நாமும் போவோம். அவர் ஆறு மாதம் போனார். இரண்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆறு மாத வேலை என்றால் என்னவென்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு உறவினர்களும் பங்குத்தந்தையும் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அந்தக் குழந்தைகளின் தந்தையான கார்லோ பார்பனைத் திருமணம் செய்துகொள்ளலாமே என்றார்கள். அவர் செபித்தார், யோசித்தார், சம்மதித்தார். 1886 மே 5 அன்று திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது பத்தொன்பது.

அன்பானவர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்கள் இப்படி யோசனை சொன்னார்கள் என்று கேட்கும்போது நம்மில் பலருக்கு மனம் உறுத்தும். உறுத்துவது நல்லதுதான். 'அக்காள் போய்விட்டாள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும்' என்று சொல்லித் தங்கையைக் கட்டிவைத்த கதை நம் ஊர்களில் எத்தனை! அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் எத்தனை பேர்? அவள் கண்ணீரையும் 'தியாகம்' என்ற கணக்கில் எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, அதை வேறு யாரும் அவர்களுக்குப் பதிலாகத் தர முடியாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் எண். வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்கிறது 1103-ஆம் எண். இதற்கு அடிப்படை நம் ஆண்டவரிடமே இருக்கிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமாகவே கொடுப்பதாக யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். தானாகக் கொடுத்தால்தான் அது தியாகம். ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது பாவம்.

ரோசினா கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தவர். ஆறு மாதம் அந்த வீட்டின் அடுப்பையும் தொட்டிலையும் சண்டையையும் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார். தமக்கு என்ன காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவருடைய பங்குத்தந்தை அதைப் பிறரன்பின் வீரச்செயல் என்று அடிக்கடி சொல்லிவந்தார்.

இருவருக்கும் ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். கியாரா ஆஞ்சலா, இத்தாலியா என்ற அந்த இரண்டு பெண்களோடு சேர்த்துப் பதினொரு பேர். இதற்கு மேலும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது. அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் பின்னாளில் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரரானார். எல்லாரும் அவரை 'மம்மா ரோசா' என்றே அழைத்தார்கள். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. இருந்ததைக் கணக்குப் பார்த்துச் செலவழித்து, தினசரி உணவை ஏழைகளோடு பகிர்ந்துகொண்டார். நோயாளிகள் அருகில் இருந்து பணிவிடை செய்தார். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் உறுப்பினராக இருந்தார். நோயில் விழுந்த கணவரை 1930-இல் அவர் இறக்கும்வரை கவனித்துக்கொண்டார். 1932 ஜனவரி 8 அன்று தாமும் இறைவனிடம் சென்றார். அவர் பெற்ற பிள்ளைகளில் மூவர் குருக்களானார்கள். அவர்களில் பிரான்சிஸ்கன் துறவியான அருள்தந்தை பெர்னார்தினோதான் அன்னையின் வாழ்க்கை வரலாற்றை முதலில் எழுதியவர். 2005 நவம்பர் 6 அன்று விச்சென்சா பேராலயத்தில் மம்மா ரோசா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

'குடும்பத்தைப் பார்ப்பதா, கோவில் காரியம் பார்ப்பதா, ஊர் வேலை பார்ப்பதா?' என்று பெண்கள் எங்களிடம் கேட்பதுண்டு. மம்மா ரோசாவுக்கு இவை மூன்றும் ஒரே வாசலில் இருந்தன. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது, போனார். அந்தக் குழந்தையே பிறகு அவருடைய குழந்தையாயிற்று. தொலைவில் போய்த் தேட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

ஆனால் இப்படிப்பட்டவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? உண்மையைச் சொல்ல வேண்டும். பங்குத் திருவிழா என்றால் சமையலுக்கு அவரைக் கூப்பிடு. மறைக்கல்விக்கு ஆளில்லையா, அவரைக் கேள். சாவு வீட்டில் ஜெபமாலை சொல்ல அவர். மறுநாள் கோவில் கூட்டவும் அவர். 'அவர் மறுக்கமாட்டார்' என்பது தெரிந்தே மீண்டும் மீண்டும் அவரிடம் போகிறோம். பங்குத்தந்தையர்களாகிய நாங்களே இதில் முதல் குற்றவாளிகள். வீட்டிலும் இதே கதைதான். பண்டிகையன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் ஆறிப்போன சோற்றோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்று நமக்குத் தெரியும். முழங்கால் வலிக்கிறது என்று அவர் சொன்னது நம் காதில் விழுந்ததா?

மறுபடியும் யோப்பாவுக்குப் போவோம். தபித்தா இறந்ததும் அங்கிருந்த சீடர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. பக்கத்து ஊரான லித்தாவில் பேதுரு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உடனே இரண்டு பேரை அனுப்பி அழைத்துவரச் செய்தார்கள். எல்லாருக்காகவும் ஓடிய பெண்ணுக்காக ஓட ஆள் இருந்தார்கள். பேதுரு முழந்தாளிட்டு வேண்டினார். தபித்தா கண் திறந்தார். பேதுரு கைகொடுத்து அவரை எழுப்பினார். இறந்தவரை எழுப்பும் வரம் நமக்கு இல்லை. உயிரோடு இருப்பவருக்குக் கைகொடுக்க அந்த வரம் தேவையும் இல்லை.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் வீட்டில், நம் அன்பியத்தில் இப்படி ஓடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவரை அடையாளம் காண்போம். அவரைப் புகழ வேண்டாம், பொன்னாடை போர்த்த வேண்டாம். 'அம்மா, இந்த ஒரு வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி, சொன்னபடி செய்வோம். ஆண்களும் செய்வோம், இளைஞர்களும் செய்வோம். அதோடு, நம் தெருவில் எந்த வீட்டில் குழந்தை கேட்பாரற்று அழுகிறது, எந்த வீட்டில் நோயாளி தனியாகக் கிடக்கிறார் என்று கவனிப்போம். அந்த வாசலுக்கு நாமே போவோம். வழக்கம்போல அந்தத் தாயையே அனுப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

மன்றாடுவோம். அன்பின் இறைவா, எங்கள் இல்லங்களையும் ஊர்களையும் தங்கள் கைகளால் தாங்கிவரும் தாய்மாருக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். அவர்கள் விரும்பிக் கொடுத்ததை ஏற்றுக்கொள்ளும். அவர்களிடமிருந்து நாங்கள் பிடுங்கிக்கொண்டதை மன்னித்தருளும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சுமையில் பங்கெடுக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.