அயலூரில் நெடுந்தூரச் சைக்கிள் பயணம்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குக் கோலார் தங்கவயலைப் பற்றி எடுத்துக்கூற வேண்டுவதில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்றவர்களின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுமுதல் அவ்வூரார் பலர் மாரிக்குப்பத்தில் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர், வரவும் அவ்வளவே.

நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் கடந்தும் இடையிலுள்ள நிலம் அவர்களுக்குப் பழக்கமாவதில்லை. போகும்போதும் இருள், வரும்போதும் இருள். புதிதாக ஓர் ஊரில் குடியேறிய எவருடைய நிலையும் ஏறக்குறைய இதுதான். வேலையிடம், வீடு, கடைத்தெரு ஆகிய மூன்றுக்கும் அப்பால் அவர் ஒன்றும் அறியார். சொந்த ஊரில் நண்பர்களோடு நெடுந்தூரம் சைக்கிளில் சென்று பழகியவர்கள்கூட, வந்த இடத்தில் அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். வழி தெரியாது, துணை கிடையாது, நடுவழியில் டயர் பழுதானால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. சில ஆண்டுகளில் சைக்கிள் துருப்பிடிக்கிறது. அதனோடு சேர்ந்து உடல் நலமும் தோழமையும் குன்றிவிடுகின்றன.

இவர்களுக்கு உதவக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலியர் பன்னிருவர் ரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் வரை, சுமார் 230 கிலோமீட்டர் தொலைவைப் பகல் வெளிச்சத்திற்குள் சைக்கிளில் கடக்கப் புறப்பட்டனர். அம்முயற்சியிலிருந்து ‘ஆடாக்ஸ்’ என்னும் இயக்கம் பிறந்தது. 1904-இல் பாரிஸ் நகரில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. இன்று உலகின் பல நாடுகளில் ஒரே விதிப்படி நடைபெறும் ‘பிரெவே’ என்ற நெடுந்தூரப் பயணங்களை அச்சங்கமே பதிவு செய்கிறது.

பிரெவே என்பது பந்தயமன்று. முதல் பரிசு இல்லை. ஆகவே கடைசி என்ற இழிவும் இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள்ளும், 300-ஐ 20 மணிக்குள்ளும், 400-ஐ 27 மணிக்குள்ளும், 600-ஐ 40 மணிக்குள்ளும் முடித்தால் போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். உணவும் ஓய்வும் இக்கணக்கில் அடக்கம். வழியிற் குறிக்கப்பட்ட இடங்களில் நின்று, வந்து சென்றதற்குச் சான்று பெறவேண்டும். பின்தொடரும் உதவி வண்டிக்கு அனுமதியில்லை. டியூபை மாற்றுவது முதல் உணவு தேடுவது வரை அவரவர் பொறுப்பே. ஆனால் உடன் செல்வோர் ஒருவருக்கொருவர் கைகொடுக்கத் தடையில்லை.

விதி எங்கும் ஒன்றாயிருப்பதே குடிபெயர்ந்தவருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை. சென்னையில் 200 கிலோமீட்டர் முடித்தவர் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தால், மீண்டும் தம்மைப் பிறருக்கு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. ‘ஆடாக்ஸ் இந்தியா’ அமைப்பின் பயண அட்டவணையைப் பார்த்து, அருகிலுள்ள நகரத்தின் பயண நாளைத் தெரிந்துகொண்டு, கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்தால், புறப்படும் இடத்தில் அன்று காலையிலேயே தோழர்கள் கிடைத்துவிடுவர். தங்கவயலில் வாழ்வோருக்குப் பெங்களூர்க் குழுவினரின் பயணங்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவை பெரும்பாலும் அதிகாலையில் புறப்படுவதால், முந்திய மாலையே சென்று தங்குவது நலம். சைக்கிளை இரயிலில் ஏற்ற இயலுமா என்பதை நிலையத்தில் முன்னதாகக் கேட்டறிக.

ஆயத்தம் வீட்டருகிலேயே தொடங்கலாம். முதலில் கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரர் கோயில் வரை. பின்னர் பாலாற்று நீர் தேங்கும் பேத்தமங்கலம் ஏரி வரை. அடுத்துப் பங்காருபேட்டை வழியாகக் கோலார் சென்று திரும்புதல். இவ்வாறு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் 100 கிலோமீட்டர் அச்சம் தராது. மேட்டு நிலமாதலால் ஏற்ற இறக்கம் மிகுதி. தொடக்கத்திலேயே வேகம் காட்டினால் பிற்பகலில் கால் சோரும். சென்னை நெடுஞ்சாலையில் கனரக லாரிகள் விரைகின்றன. தலைக்கவசமும், முன்னும் பின்னும் விளக்கும், ஒளியை எதிரொளிக்கும் மேற்சட்டையும் இன்றி இருளில் இறங்கலாகாது. வழி தெரியாத புதியவர் தனியே இரவுப் பயணம் மேற்கொள்வதைவிட, அமைப்பினரோடு செல்வதே அறிவுடைமை.

மற்றொன்றும் உண்டு. தண்ணீர் கேட்கவும் வழி கேட்கவும் சில கன்னடச் சொற்கள் வேண்டும். ‘நீரு’ என்றால் தண்ணீர். ‘தாரி’ என்றால் வழி. ‘எஷ்டு தூர’ என்றால் எவ்வளவு தூரம். பஞ்சர் கடைக்காரரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் பேசிப் பழகிய மொழி எளிதில் மறவாது.

தங்கவயல்வாசி அன்றாடம் இரயிலில் கடக்கும் அதே 200 கிலோமீட்டர்தான் முதல் பிரெவேயின் தொலைவும். மழை ஓய்ந்து வெயில் தணிந்திருக்கும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென ஒதுக்குங்கள். அடுத்த நாள் இரயிலில் அமரும்போது, எந்த ஏரி எங்கே உள்ளது, எந்த ஊர்க் கடையில் இட்லி சூடாகக் கிடைக்கும் என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே சொல்வீர்கள்.