நின்றவரும் சென்றவரும்

ஓர் இசைக்குழு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்கிறது. அக்காலத்துள் அதிற் பாடுவோர் மாறுகின்றனர், கருவி வாசிப்போர் மாறுகின்றனர், வந்தவர் போகின்றனர், போனவர் மீள்கின்றனர். ஒருவர் மட்டும் முதல் நாள் தொட்டு இறுதி நாள் வரை விலகாது நிற்கிறார். அங்ஙனமாயின் இறுதியில் உள்ள குழு தொடக்கத்தில் இருந்த குழுவேதானா?

மேளக் கச்சேரி கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. பேர்பெற்ற நாதசுர வித்துவான் ஒருவரின் மேளத்தில் தவிற்காரர் மாறலாம்; ஒத்துக்காரர் மாறலாம். நாதசுரம் அவர் கையில் இருக்கும்வரை அது அவர் மேளமே என ஊர் ஏற்றுக்கொள்ளும். ஆனால், நால்வர் சமநிலையில் நின்று தொடங்கிய குழுவொன்றுக்கு இவ்விதி எளிதிற் பொருந்துவதில்லை. மேலைநாட்டில் ஹெவி மெற்றல் என வழங்கும் கனத்த, உரத்த இசைவகைக்கு மூலவர் எனப் பலரும் போற்றும் 'பிளாக் சபாத்' என்னும் ஆங்கிலக் குழுவின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவ்விசை எல்லார் செவிக்கும் இனியதன்று. எனினும், அதனை விரும்பாதவரும் அக்குழுவினரின் கதையிற் சிந்திப்பதற்கு உரியவை பல உள.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பேர்மிங்ஹாம் நகரம் இரும்புத் தொழிலுக்கும் எந்திரத் தொழிலுக்கும் பேர்போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுள் பிறந்து, அப்போரிற் குண்டுவீச்சுக்கு உள்ளாகிய அந்நகரின் அஸ்டன் பகுதியில், தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர் நால்வர். டோனி அயோமி கிற்றார் வாசித்தார். கீசர் பட்லர் மந்தர ஒலி தரும் பேஸ் கிற்றாரை வாசித்ததோடு, பாடல்களிற் பெரும்பாலானவற்றின் சொற்களையும் எழுதினார். பில் வார்ட் டிரம் வாசித்தார். ஒசி ஒஸ்போர்ன் பாடினார்.

ஒஸ்போர்ன் 15 வயதிற் பள்ளியை விட்டு நீங்கி, இறைச்சிக்கூடம் உட்படப் பல இடங்களிற் கூலி வேலை செய்தவர். பாடுவதற்கு இடம் வேண்டும் என இசைக்கருவிக் கடையொன்றில் அவர் ஒரு விளம்பரத்தை ஒட்டிவைத்தார். அதனைக் கண்டு அயோமியும் வார்டும் அவர் வீடு தேடிச் சென்றனர். கதவு திறந்தபோது நின்றவர், பள்ளியில் அயோமிக்கு ஒரு வகுப்புக் கீழே படித்த அதே பையன்! முதலில் தயங்கிய அயோமி பின்னர் இசைந்தார். 1968ஆம் ஆண்டில் குழு உருவாயிற்று.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு விபத்தை ஈண்டு கூறல் வேண்டும். அப்போது அயோமிக்கு வயது 17. உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு அன்று இறுதி வேலைநாள். மதிய உணவுக்கு வீடு சென்றவர் திரும்பிப் போக விரும்பவில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வருமாறு தாயார் வற்புறுத்தி அனுப்பினார். அன்று பிறிதொருவர் வராமையால், பழக்கமற்ற அழுத்தும் எந்திரமொன்றில் அவர் நிறுத்தப்பட்டார். எந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்தது. அயோமி இடக்கை வழக்கமுடையவர். ஆதலின், கிற்றாரின் நரம்புகளை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே.

இனி வாசிக்க இயலாது என மருத்துவர் கூறினர். மனமுடைந்திருந்த இளைஞரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் மேதை. தீவிபத்தொன்றில் இரு விரல்களின் பயனை இழந்த பின்னும் கிற்றாரிற் புகழ் ஈட்டியவர். அதனைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மீண்டும் பயிலத் தொடங்கினார். தடித்த நரம்புகள் வலி தந்தமையால் மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர், 1971ஆம் ஆண்டளவில், நரம்பின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அவ்வாறு தாழ்ந்த சுருதியிலிருந்து எழுந்த இருண்ட, கனத்த நாதமே அக்குழுவுக்கு அடையாளமாயிற்று. இன்று உலகெங்கும் எண்ணிறந்த இளைஞர் பின்பற்றும் அவ்வொலியின் தோற்றத்திற் புண்பட்ட இரு விரல்களுக்குப் பெரும் பங்குண்டு.

குழு முதலிற் 'பொல்கா ரல்க்' எனவும், பின்னர் 'ஏர்த்' எனவும் பெயர் பூண்டிருந்தது. அப்பெயரில் வேறொரு குழு இருந்தமையால், போரிஸ் கார்லொவ் நடித்த திகிற் படமொன்றின் பெயரை 1969ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டனர். மக்கள் காசு கொடுத்துப் பயப்படச் செல்வது அவர்களுக்கு வியப்பளித்தது. அவ்வச்சத்தை இசையிலும் தரலாம் என எண்ணினர். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளியின் மேல் அமைந்தது. நம் இசைமரபிற் சொல்வதாயின், சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட தொலைவு அது. இணக்கமற்றதென மேலை இசை இலக்கணத்தார் நெடுங்காலம் ஒதுக்கி வைத்த அவ்விடைவெளியை இந்நால்வர் வாயிலிலேயே நிறுத்தினர்.

ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் தேதி வெளிவந்தது. விமர்சகர் பலர் இகழ்ந்தனர், இளைஞரோ வாங்கினர். அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த 'பரனோயிட்' பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. பேயும் இருளும் பாடும் குழு என்று பெரியோர் முகஞ்சுளித்தனர். எனினும், அவ்விசைத்தட்டின் முதற்பாடல், தாம் பாதுகாப்பாக இருந்துகொண்டு ஏழை மக்களைப் போருக்கு அனுப்பும் அதிகாரிகளைச் சாடியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அக்குரலின் பொருளை இளைஞர் நன்கு உணர்ந்தனர்.

புகழோடு மதுவும் போதைப்பொருளும் வந்தன. நால்வரும் அவற்றுக்கு ஆட்பட்டனர். ஒஸ்போர்ன் எல்லாரினும் மிகுதியாக ஆட்பட்டார். 1977ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விலகிச் சில மாதங்களில் மீண்ட அவரை, 1979ஆம் ஆண்டில் மற்றையோர் நீக்கினர். அச்செய்தியை அவரிடம் கூறும் கடமை, அவருக்கு நெருங்கிய நண்பரான வார்டின் தலையில் விழுந்தது. நண்பர் குழு தொழில் நிறுவனமாக மாறிய நாள் அதுவெனலாம்.

அவ்விடத்துக்கு வந்தவர் றொனி ஜேம்ஸ் டியோ என்னும் அமெரிக்கர். ஒஸ்போர்னின் குரல் புலம்பலை ஒத்தது. டியோவின் குரலோ பயிற்சி மிக்கது, வீறுடையது. புதிய குரலுக்கு ஏற்ப அயோமியின் இசையமைப்பும் மாறியது. 1980ஆம் ஆண்டில் வந்த 'ஹெவன் அன்ட் ஹெல்', பாடகர் மாறினாற் குழு அழியும் என்றோரின் கூற்றைப் பொய்யாக்கிற்று. ஆனால் அவ்வாண்டிலேயே வார்ட் நீங்கினார். வின்னி அப்பிசி டிரம் ஏற்றார். 1982ஆம் ஆண்டில் டியோவும் அப்பிசியும் பிரிந்தனர். அடுத்த ஆண்டில் 'டீப் பேர்ப்பிள்' குழுவின் இயன் கிலன் வந்து, ஓர் இசைத்தட்டுக்குப் பாடிவிட்டுச் சென்றார். பின்னர் பட்லரும் நீங்கினார்.

அயோமி தனித்து நின்றார். 1986ஆம் ஆண்டில் தம் பெயரால் மட்டும் வெளியிடக் கருதிய இசைத்தட்டொன்றுக்கும், இசைத்தட்டுக் கம்பனியாரின் வற்புறுத்தலாற் குழுவின் பெயரையே இட நேர்ந்தது. அதிற் பாடியவர் கிளென் ஹியூஸ். தாம் விரும்பாதபோதும் பெயர் தம்மை விடாது பற்றியது என்பதே அன்றைய அயோமியின் நிலை. இவ்வாறு வந்து சென்றோரை எண்ணின் இருபதுக்கு மேற்படுவர்.

அவர்களுள் தனித்துக் குறிப்பிடத் தக்கவர் டோனி மார்ட்டின். இவரும் பேர்மிங்ஹாமைச் சேர்ந்தவரே. 1987 முதல் 1995 வரை ஐந்து இசைத்தட்டுகளில் இவர் பாடினார். இடையில், டியோவும் பட்லரும் அப்பிசியும் மீண்டபோது இவர் விலக நேர்ந்தது. 1992ஆம் ஆண்டு நவம்பரில், கலிபோர்னியாவில் ஒஸ்போர்னின் கச்சேரிக்கு முன்னோடியாகப் பாட டியோ மறுத்து வெளியேறினார். அவருக்குப் பதிலாக 'யூடாஸ் பிரீஸ்ற்' குழுவின் றொப் ஹல்போர்ட் இரு இரவுகள் பாடினார். அதன் பின்னர் மார்ட்டின் மீண்டும் அழைக்கப்பட்டார். பழைய நால்வர் ஒன்றுசேரும் காலம் வந்ததும் மீண்டும் அவருக்கு இடமில்லாது போயிற்று. ஒஸ்போர்னுக்கு அடுத்ததாக அக்குழுவில் மிகுதியான இசைத்தட்டுகளிற் பாடியவர் இவரே. எனினும், அவ்விசைத்தட்டுகளிற் பல நெடுங்காலம் கடைகளிற் கிடைக்கவில்லை. 2024ஆம் ஆண்டிலேதான் அவருள் நான்கினை ஒருங்கு சேர்த்து அயோமி மறுபதிப்பாக வெளியிட்டார். கடன் தீர்க்கப்பட்டது, ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டு பிந்தித் தீர்க்கப்பட்டது.

1997ஆம் ஆண்டு டிசெம்பரில் தாய்நகரிற் பழைய நால்வரும் மீண்டும் மேடையேறினர். அங்குப் பதிவாகிய பாடலொன்றுக்கு 2000ஆம் ஆண்டிற் கிரமி விருது கிடைத்தது. 2006இன் பின்னர் அயோமியும் பட்லரும் டியோவுடனும் அப்பிசியுடனும் இணைந்தனர். இம்முறை 'ஹெவன் அன்ட் ஹெல்' என்னும் வேறு பெயரைச் சூடிக்கொண்டனர். பிளாக் சபாத் எனின் மக்கள் எதிர்பார்ப்பது தொடக்க நால்வரையே என்பதை, பெயரைக் காத்தவரே ஒப்புக்கொண்ட செயலாக இதனைக் கொள்ளலாம். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் டியோ இரைப்பைப் புற்றுநோயாற் காலமானார்.

2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் தேதி, நால்வரும் புதிய இசைத்தட்டுச் செய்யப்போவதாக அறிவித்தனர். சில வாரங்களில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. சிகிச்சைக்கு இடையே அவர் பணி செய்தார். வார்ட் மட்டும் சேரவில்லை. தமக்கு அளிக்கப்பட்ட ஒப்பந்தம் நேரியதன்று என்பது அவர் கூற்று. நெடிய சுற்றுப்பயணத்துக்கு அவர் உடல்நிலை போதாது என்பது மற்றைத் தரப்பின் கூற்று. 2013ஆம் ஆண்டில் வந்த '13' என்னும் இசைத்தட்டு, 'பரனோயிட்' வந்து 43 ஆண்டுகளின் பின்னர் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது; அமெரிக்காவிலும் அவர்களுக்கு அதுவே முதன்முறை முதலிடம். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் தேதி பேர்மிங்ஹாமிற் பிரியாவிடைக் கச்சேரி நடந்தபோதும் வார்டின் இருக்கையில் வேறொருவரே இருந்தார். வெற்றி முழுமையாயினும் அவை முழுமையாகவில்லை.

அக்குறை 2025ஆம் ஆண்டு யூலை 5ஆந் தேதி நீங்கிற்று. அஸ்டனிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்டத் திடலில், ஒஸ்போர்ன் சிறுவனாய் ஓடித்திரிந்த தெருக்களுக்கு அண்மையில், நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். இருபது ஆண்டுகளின் பின்னர் நால்வரும் ஒரே மேடையில் தோன்றினர். பார்க்கின்சன் நோயால் நடக்க இயலாத ஒஸ்போர்ன் அரியணை போன்ற ஆசனத்தில் இருந்தபடியே பாடினார். எழுபத்தேழு வயதான வார்ட் டிரம் வாசித்தார். பாடியவை நான்கே பாடல்கள். வருவாய் பார்க்கின்சன் நோய்க்கான தொண்டுக்கும், சிறுவர் மருத்துவமனை ஒன்றுக்கும், நோயுற்ற சிறுவரைப் பேணும் இல்லத்துக்கும் உரியதாயிற்று. பதினேழு நாட்கள் கழித்து, யூலை 22ஆந் தேதி, ஒஸ்போர்ன் தமது 76ஆம் வயதிற் காலமானார். அவரது இறுதி ஊர்வலம், அக்குழுவின் பெயரையே தாங்கி நிற்கும் நகரப் பாலத்தில் நின்று சென்றது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். அக்குழுவின் நாதம் அயோமியின் கையில் இருந்தது. அவர் நில்லாதிருந்தால் 1980இன் பின்னர் பெயரே எஞ்சியிராது. அதேவேளை, மக்கள் நெஞ்சில் அப்பெயருக்குரிய முகங்கள் நான்கு. எத்துணை வல்ல பாடகர் வந்தும் அந்நான்கும் மறையவில்லை. இவ்விரண்டும் உண்மை. இவற்றோடு மூன்றாவது உண்மையொன்றும் உண்டு. தொடங்கியவர்க்கும் நிலைத்தவர்க்கும் புகழ் தானே வந்து சேர்கிறது. இடைக்காலத்திற் சுமை தாங்கியவர்க்கு அது வருவதில்லை. வில்லா பார்க் மேடையில் டோனி மார்ட்டின் பாடவில்லை. ஆயினும், நால்வரும் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருந்ததென்றால், யாருமில்லாத காலத்தில் அவ்வீட்டில் விளக்கேற்றி வைத்தவருள் அவரும் ஒருவர். ஒரு குழுவின் வரலாற்றை எழுதுவோர் அவ்விளக்கையும் கணக்கில் எழுதுதல் முறையாகும்.