செலவுக்கு ஒருங்கும் பெண்கள்



அகப்பாடல்களில் 'செலவு' பெரும்பாலும் ஆடவனுக்கு உரியது. பொருள் தேடியோ, வினை மேற்கொண்டோ அவன் புறப்படுவான். தலைவி வாயிலில் நிற்பாள். கடல் கடந்து செல்லும் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் குறிக்கிறது. அது அக்கால வழக்கின் பதிவு. எக்காலத்துக்கும் இட்ட தடையன்று. உடன்போக்கில் தலைவி பாலையைக் கடந்தாள். விறலியர் காடும் மலையும் நடந்தனர். ஆயினும், தானே முடிவெடுத்துத் தானே மூட்டை கட்டும் பெண்ணின் மனம் அரிதாகவே பாடப்பட்டது. அத்தகைய பெண்கள் சிலரின் புறப்பாடு இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது.

2009-ஆம் ஆண்டு காமன்வெல்த் அமைப்பின் அறுபதாம் ஆண்டு. அண்டார்க்டிகாவில் வானிலை ஆய்வாளராகப் பணியாற்றிய பிரித்தானியப் பெண் பெலிசிட்டி ஆஸ்டன், அவ்வமைப்பின் நாடுகளிலிருந்து பெண்களைத் திரட்டிப் பனிச்சறுக்குப் பலகைகளில் தென்துருவம் செல்லத் திட்டமிட்டார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரித்தானியா, நியூசிலாந்து, சைப்ரஸ் ஆகியவற்றோடு, இந்தியா, கானா, ஜமைக்கா, சிங்கப்பூர், புரூணை ஆகிய நாடுகளிலிருந்தும் பெண்கள் தேர்வாயினர். அவருள் சிலர் அதுவரை பனியைக் கண்டவரல்லர். கூடாரத்தில் ஓர் இரவும் உறங்கியவரல்லர். இந்தியாவின் சார்பில் சென்றவர் மலையேற்றப் பயிற்சி பெற்ற ரீனா கௌசல் தர்மசக்து.

நார்வே நாட்டுப் பனியில் அவர்கள் பயின்றனர். பயில வேண்டியவை சிறியனவாகத் தோன்றும். உயிர் அவற்றில்தான் இருந்தது. விழுப்புரத்து வெயிலில் வியர்வை உடலைக் காக்கும். துருவத்தில் அதுவே பகை. ஆடைக்குள் ஊறிய வியர்வை, நடை நின்றதும் உறையத் தொடங்கும். ஆகவே வியர்க்குமுன்பே ஓர் ஆடையைத் தளர்த்தவும், நிற்குமுன்பே ஒன்றை அணியவும் பழக வேண்டும். சுற்றிலும் பனிக்கட்டி இருந்தும் குடிக்க ஒரு மிடறு நீர் இராது. அடுப்பில் உருக்கினால்தான் உண்டு. எனவே அடுப்பைப் பழுதுபார்க்கும் கல்வியும் வேண்டும். பனியில்லாத நாட்டவர் இடுப்பில் பழைய டயரைக் கட்டி மணலில் இழுத்துச் சறுக்குவண்டிக்கு உடலைப் பழக்குவதும் உண்டு.

ஆயத்தத்தின் அருமையைப் பழைய வரலாறும் உணர்த்துகிறது. 1911 செப்டம்பரில் நார்வேயின் அமுண்ட்சென் காலத்துக்கு முந்திப் புறப்பட்டுக் கடுங்குளிரால் திரும்பினார். அக்டோபரில் மீண்டும் சென்று, டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்தார். அவர் எரிபொருள் கலன்களின் இணைப்புகளைப் பற்றவைத்திருந்தார். 1912 ஜனவரி 17-இல் அங்கே சென்று சேர்ந்த பிரித்தானியரான ஸ்காட்டின் கலன்களோ வழிநெடுகக் கசிந்திருந்தன. மீளும் வழியில் ஐவரும் மாண்டதற்கு அக்குறையும் ஒரு காரணம்.

பெண்கள் குழுவின் வழி ஏறத்தாழ 900 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்தொலைவில் பாதிக்கும் மேலாக, உணவும் எரிபொருளும் கூடாரமும் ஏற்றிய வண்டியை இழுத்தவாறு, நாள்தோறும் அவர்கள் கடந்தனர். துருவத்தில் டிசம்பர் மாதத்துச் சராசரி வெப்பநிலையே கழித்தல் 28 பாகை செல்சியஸ் அளவினது. ஜமைக்காவைச் சேர்ந்தவர் பனிக்கடிக்கு ஆளாகி இடையில் விலக நேர்ந்தது. 2009 டிசம்பர் 29-இல் துருவத்தை அடைந்த எழுவருள் அவரும் இல்லை. கானா நாட்டவரும் இல்லை. பனிச்சறுக்கில் தென்துருவம் அடைந்த முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பு ரீனாவுக்கு வாய்த்தது.

சென்று சேர்ந்தோரை மட்டும் பாடுவது எளிது. ஆயத்தம் முழுமையும் செய்து, அடையாது திரும்பியோரின் செலவும் செலவே. அவர்தம் உழைப்பையும் சேர்த்துக் காண்பதே இலக்கியத்தின் நேர்மை.

இவ்வட்டாரத்துக்கு இது புதிய செய்தியன்று. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய ஊர். அவனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, போய்வந்தவன் போகின்றவனுக்கு வழி கூறும் நூல். வழி எது, இடையில் உள்ள ஊர்கள் எவை, எங்கே என்ன உணவு கிடைக்கும் என ஒவ்வொன்றாக அது சொல்கிறது. துருவத்தை அறிந்த ஒருத்தி, பனியே காணாத பெண்களுக்கு வழி கூறியதும் ஆற்றுப்படையே. மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அவ்வீடுகளுக்குத் தேவைப்படுவது அறிவுரை அன்று. சென்று மீண்ட பெண்களின் வழிக்குறிப்பு.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் இளங்கவிஞர்கள் அப்பாடலை எழுதட்டும். வாயிலில் நின்று வழியனுப்பும் பெண்ணை ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிய தமிழ், அவள் மூட்டை கட்டும் இரவையும் பாட வேண்டும்.