வடிகாலுக்குப் பணம் யார் கொடுப்பது?

(பாகூரில் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



2024 நவம்பர் 30ந் தேதி இரவு பெஞ்சல் புயல் நம் கரையில் ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2ந் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை இங்கே ஊருக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி புகுந்தது. இதையெல்லாம் உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் நின்றவர்கள் நீங்கள். நாம் பேச வந்தது, வெள்ளம் வடிந்தபின் கிளம்பிய ஒரு வாதத்தைப் பற்றி.

"வடிகால் கட்டப் பெரும் பணம் வேண்டும். பயன்படுகிறவர்கள்தானே கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டால் என்ன?" கேட்க நியாயம்போல இருக்கிறது. ஆனால் இது தானாக முளைத்த யோசனையல்ல. 2020 மே மாதம், கொரோனாவில் மாநிலங்கள் கையில் காசில்லாமல் தவித்தபோது, கூடுதல் கடன் வாங்க மத்திய சர்க்கார் அனுமதித்தது. அதில் ஒரு பங்குக்கு நிபந்தனை போட்டது: நகரங்களில் சொத்து வரிக்கும், குடிநீர், வடிகால், சாக்கடைக் கட்டணங்களுக்கும் இதற்குக் குறையக் கூடாது என்று ஒரு விகிதம் நிர்ணயிக்க வேண்டும். அன்று மாநிலங்களின் நகரங்களுக்குச் சொன்னது நாளை நம் கொம்யூனுக்கு வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

சரி, கணக்கே பார்ப்போம். 200 சதுர அடிக் குடிசையின் கூரையில் 46 சென்டிமீட்டர் மழை பெய்தால் வழிகிற தண்ணீர் சுமார் 8,500 லிட்டர். ஒரு ஏக்கர் சிமெண்டுத் தளம் போட்ட கிடங்கிலிருந்து வழிவது 18 லட்சம் லிட்டருக்கும் மேல். இருநூறு குடிசைத் தண்ணீரை ஒரு கிடங்கு தெருவில் தள்ளுகிறது. தலைக்கட்டு வரி போட்டால் இரண்டுக்கும் ஒரே தொகை! வெள்ளத்தை அனுப்பியவனும் அதில் மூழ்கியவனும் ஒரே வரிசையில் நின்று ரசீது வாங்க வேண்டுமாம்.

ஜெர்மனி கம்யூனிஸ்டு நாடு அல்ல. அங்கே பல நகரங்களில் மழைநீர்க் கட்டணம் உண்டு. அதை எப்படிப் போடுகிறார்கள்? கூரை எத்தனை சதுர மீட்டர், தளம் எத்தனை சதுர மீட்டர் என்று அளக்கிறார்கள். மண்ணாக விட்ட இடத்துக்குக் கட்டணமில்லை. அது முதலாளித்துவ நாட்டின் கணக்கு. அந்த அளவு நியாயம்கூட நமக்கு மறுக்கப்படலாமா?

நஞ்சையை மனைக்கட்டு போட்டு விற்றவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வயலின் ஓரம் ஓடிய வாய்க்கால் எங்கே போயிற்று? வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. நான்குவழிச் சாலைக்கு மண்மேடு போட்டு உயர்த்தினால், தண்ணீர் வந்த வழியில் போதிய மதகு வைக்கும் செலவு சாலையின் செலவோடு சேர வேண்டியது. மதகைச் சிறிதாக்கி மிச்சம் பிடிக்கிற பணத்தைக் கடைசியில் கட்டுகிறவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் பயிர் வைத்தவன்.

பழைய நாளிலும் இந்தக் கேள்வி இருந்தது. பக்கத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை ராஜதானியில் 1858ல் ஒரு சட்டம் போட்டார்கள். குடிமராமத்து என்ற பெயரில் ஏரிக்கரைக்கும் வாய்க்காலுக்கும் கட்டாய உழைப்பு வாங்க அது வழி செய்தது. மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலமாவது இருந்ததா என்று பார்த்தவர் யார்? இங்கே பிரெஞ்சு ஆட்சியில் ஏரிப் பாசனத்துக்குச் 'சிண்டிகா' என்ற விவசாயிகள் சங்கங்கள் இருந்தன. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரில் பலன் கண்டவர்கள் பராமரிப்பிலும் பொறுப்பேற்பது முறைதான். நிலமில்லாதவனின் முதுகில் அதை ஏற்றியதுதான் அநியாயம். அதனால், தூர் எடுப்பதை 'ஊர்ப் பணி' என்று கூலியில்லாமல் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக்குக் கூலி உண்டு.

"யாருக்கும் வரியே வேண்டாம், எல்லாம் சர்க்கார் பார்க்கட்டும்" என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். இதிலும் நாம் முழுக்க உடன்படவில்லை. சர்க்கார் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சாராயக் கடையில் நம் தொழிலாளி கொடுத்த காசும், தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நம் வீட்டுப் பெண்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யும் அதில் இருக்கின்றன. ஏழை ஏற்கெனவே கொடுத்துவிட்டான். இனி மனை போட்டவனும் பெரிய தளம் போட்டவனும் கொடுக்கட்டும். குடிசைக்கும் சிறு வீட்டுக்கும் ஒரு பைசா கூடாது.

ஆறுகளின் கரை விஷயம் வேறு. சாத்தனூரும் வீடூரும் தமிழ்நாட்டில். தண்ணீர் வந்து சேர்வது நம்மிடம். அந்தச் செலவை எந்தக் கொம்யூனும் தாங்காது. அது மத்திய சர்க்காரின் பொறுப்பு. யூனியன் பிரதேசம் என்று சொல்லி மத்திய நிதிக் கமிஷனின் பங்கீட்டில் புதுச்சேரியைச் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். இங்கே பங்கு கேட்டால் மாநிலமல்ல என்கிறார்கள்; வரி வசூலிக்கும்போது அந்த வித்தியாசம் தெரிவதில்லை!

வெள்ளம் போனபின் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாயும், பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தார்கள். வாங்கிக்கொண்டோம். ஆனால் பயிர்ப் பணம் பட்டா பார்த்து வந்தால், வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவனுக்கு என்ன கிடைக்கும்? நடவு இல்லாமல் உட்கார்ந்த பெண்களுக்கு எத்தனை நாள் கூலி போயிற்று?

இதையெல்லாம் எங்கே பேசுவது? கொம்யூன் பஞ்சாயத்தில் பேச வேண்டும். 1968க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006ல்தான் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 2011ல் பதவிக் காலம் முடிந்தது. பிறகு பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. 2021ல் அறிவிப்பு வந்தது, நின்றும் போயிற்று. 1954ல் இந்தியாவுடன் சேர்வதற்குக் கீழூரில் வாக்களித்தவர்களில் நம் கொம்யூன்களின் பிரதிநிதிகளும் உண்டு. நாட்டையே தீர்மானிக்க வாக்களித்த ஊருக்குத் தன் சாக்கடையைத் தீர்மானிக்க வாக்கு இல்லை! தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து இல்லாமல் அதிகாரி போடும் எந்த வடிகால் கட்டணத்தையும் நாம் ஏற்பதற்கில்லை.

இந்த மாதமே வேலை தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் முதியவர்களை அழைத்துக்கொண்டு நடங்கள். எந்த வாய்க்கால் எந்த மனைக்கட்டுக்குள் போயிற்று, எந்த மதகு அடைபட்டது, வெள்ளம் எந்தச் சுவரில் எத்தனை அடி நின்றது என்று எழுதுங்கள். அந்தக் காகிதங்களோடு கொம்யூன் அலுவலகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் சேர்ந்து போவோம்.