மலைக்குப் போவோம், மலையைக் காப்போம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் செமினிப் பக்கம் வாழும் நமக்குக் கேமரன் மலை நினைவுக்கு வந்துவிடுகிறது. குளிர்காற்றையும் பனிமூட்டத்தையும் தேயிலைச் சரிவுகளையும் காணத்தான் போகிறோம். போகிறவர்கள் பெருகப் பெருக அவையே குறைந்துபோனால் என்ன செய்வது? இதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. நம் மக்கள் பலர் அங்கே கொழுந்து பறித்தார்கள். பின்னர் காய்கறித் தோட்டங்களும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் பெருகின.

பிரிஞ்சாங் மலையுச்சியில் பாசி படர்ந்த காடு ஒன்று உண்டு. அந்தப் பாசி பனிமூட்டத்தின் ஈரத்தைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடுகிறது. மரவேர்கள் மண்ணை இறுகப் பிடிக்கின்றன. தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. ரப்பர் கன்று நட்ட புதிதில், வரிசைகளுக்கு நடுவே கொடிகளைப் படரவிடுவது எதற்காக? மழையில் மண் கரையக்கூடாது என்பதற்காகத்தானே!

மூடியிருந்த மலையை வெட்டித் திறந்தால் மண் பெர்தாம் ஆற்றில் இறங்குகிறது. ரிங்லெட் ஏரியில் படிகிறது. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையில் சேறு சேரச் சேர, நீருக்கு இடம் குறைந்தது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்தாம் பள்ளத்தாக்கின் ஆற்றோர வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம் வந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கேயே பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே, சரிவில் எதைக் கட்டலாம், ஒரு நாளில் எத்தனை வாகனங்கள் ஏறலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். தமிழ்நாட்டில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்கூட்டியே இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் வருகின்ற வாகனங்களைக் கணக்கெடுத்தால்தானே மலை எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்ய முடியும்?

சட்டம் செய்வது அரசின் வேலை. நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். ஐந்து குடும்பங்கள் ஐந்து காரில் போவதைவிட ஒரு பஸ்ஸில் சேர்ந்து போகலாம். கூட்டம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பாசியையும் குடுவைச் செடியையும் பிள்ளைகள் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளலாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவரலாம். அங்கு வாழ்பவர்களின் கடைகளில் பொருள் வாங்கலாம்.

பழகிக்கொள்ளக் கேமரன் வரை போக வேண்டியதில்லை. நம் அருகிலேயே, சுமார் 400 மீட்டர் உயரத்தில் புரோகா குன்று இருக்கிறது. சூரிய உதயம் பார்க்க விடியுமுன்பே பலர் ஏறுகிறார்கள். புல்லை மிதித்துப் புதுப்புது வழிகள் உண்டாக்கினால் அந்த வழியாகவே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும். இருக்கும் பாதையிலேயே நடக்க நம் பிள்ளைகளுக்கு அங்கே கற்றுக்கொடுப்போம்.