ரைன் நதிக்கரையில் எங்க ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எப்பப்பா ஊருக்குத் திரும்பி வர்றே?" என்று காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். பதிலை மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடமாக நான் இருப்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். ரைன் நதி ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. 8-ஆம் நம்பர் டிராம் ஜெர்மனியில் கொண்டுபோய் விடும். 3-ஆம் நம்பர் பிரான்ஸில் விடும். கோடையில் ஆபீஸ் முடிந்ததும் ஜனங்கள் உடுப்பை மீன் வடிவப் பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, ஆற்றில் இறங்கி மிதந்தே போவார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் 'காட்டு மனிதன்' வேடம் போட்டவர் தெப்பத்தில் ஆடிக்கொண்டு வருவார். முகம் சின்ன பாசல் பக்கம். பெரிய பாசல்காரர்களுக்கு முதுகுதான்! நம்ம ஹாஸ்டல் ஏ பிளாக், பி பிளாக் கதையேதான்.

அப்புறம் ஃபாஸ்நாக்ட் திருவிழா. சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள், விடிகாலை 4 மணி. தெருவிளக்கெல்லாம் ஒன்றாக அணையும். கும்மிருட்டில் முரசும் குழலும், சித்திரம் தீட்டிய பெரிய விளக்குக் கூடுகளும் கிளம்பும். சரியாக 72 மணி நேரம். 2020-லும் 2021-லும் கொரோனாவால் அது நடக்கவில்லை.

அந்த 2021 மே மாதம்தான் அப்பா காலமானார். என்னால் வந்துசேர முடியவில்லை. காரியத்தைப் போனில்தான் பார்த்தேன். மறுநாள் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்தேன் என்று, இதே கதவைத் தட்டித் திட்டியவர். "வா" என்று மட்டும் சொல்லிப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார்.

அந்தப் படகுக்கு என்ஜின் கிடையாது. 1854 முதல் இப்படித்தான். ஆற்றின் குறுக்கே மேலே ஒரு கம்பிவடம். அதிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. படகைச் சாய்வாகத் திருப்பினால் நீரோட்டமே தள்ளி அக்கரை சேர்த்துவிடும். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சார் போர்டில் போட்ட அதே கணக்கு. நான் அரியர் வைத்த பேப்பர்!

அன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுது முடிக்கிற வரை இக்கரைக்கும் அக்கரைக்குமாக நான்கு தடவை போய்வந்தோம். ஒவ்வொரு தடவையும் அவரே காசு கொடுத்தார்.

அதுவரை 'பாசலில் வேலை பார்க்கிறேன்' என்றுதான் சொல்வேன். அதற்கப்புறம்தான் 'எங்க ஊர்' என்று வாயில் வந்தது. அப்பா இருந்த ஊரும் என் ஊர்தான்; அப்பாவுக்காக நான் அழுத ஊரும் என் ஊர்தான். இங்கே வரும்போதும் ஊருக்கு வருகிறேன். நாளை மறுநாள் விமானம் ஏறும்போதும் ஊருக்குத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பக்கம் வந்தால் நம்ம வீடு இருக்கிறது, அவசியம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணி துவைக்காதீர்கள்.