கூகுளுக்கு நம்ம ஊர் தெரியுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு வியாபாரிகளுக்கு இணைய விளம்பரம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, திருநெல்வேலியைச் சுத்திப் பத்து கிலோமீட்டருக்குத்தானே விளம்பரம் போட்டோம்? சென்னையிலேர்ந்து போன் வருதே! ஒவ்வொரு கிளிக்குக்கும் காசுல்லா போகுது?"

நியாயமான கேள்வி. தேடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கூகுள் கண்ணால் பார்ப்பதில்லை. தடயங்களை வைத்துக் கணிக்கிறது. போனில் ஜி.பி.எஸ். இயங்கி, அனுமதியும் கொடுத்திருந்தால், திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். அனுமதி இல்லையென்றால் ஐ.பி. முகவரிதான் முக்கியத் துணை. அது பெரும்பாலும் ஊரைச் சொல்லும், தெருவைச் சொல்லாது. செல்போன் டேட்டாவில் அதுவும் சந்தேகம். ஏராளமான போன்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், தென்காசியில் இருப்பவர் சென்னையில் இருப்பதுபோலத் தோன்றலாம். சென்னைக்காரர் வேறு ஊரில் இருப்பதுபோலவும் தோன்றலாம். நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று கூகுளே உத்தரவாதம் தருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரக் கணக்கில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முறைதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சென்னையில் உட்கார்ந்து 'திருநெல்வேலி' என்று சேர்த்துத் தேடினாலும் விளம்பரம் தெரியும். லாட்ஜ் நடத்துகிறவருக்கு இது லாபம். வீட்டுக்குப் போய்ப் பழுது பார்க்கிறவருக்கு நஷ்டம். அவர் 'அந்த இடத்தில் இருப்பவர்கள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காசு போவதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐ.பி. முகவரிகளுக்கு இடம் குறித்துக் கொடுக்கிறது. 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைப் போட்டு வைத்தது. அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 2016இல் செய்தி வெளிவந்தபோது, 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தன! யாரோ எங்கோ செய்த மோசடிக்கெல்லாம் போலீஸ் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு பாவமும் அறியாத குடும்பம் பல ஆண்டுகள் அவதிப்பட்டது. செய்தி வந்த பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது.

கணிப்பு தப்புவது இயல்பு. 'தெரியாது' என்பதைத் தெரிந்ததுபோல எழுதி வைத்ததுதான் பெரிய குற்றம். மாணவர்களே, இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவை எழுதாமல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க முடியுமா? இடத்தைச் சொல்லும் எந்தக் கருவிக்கும் அதே விதிதான். உங்களில் பலர் நாளைக்கு இந்த மென்பொருள்களை எழுதப் போகிறீர்கள். ஓர் இடத்தைக் காட்டும்போது, அது எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள். அந்த ஒரு எண் இல்லாததால் ஒரு குடும்பத்தின் நிம்மதி போனது.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று யோசனை. விளம்பரத்தின் தலைப்பிலேயே ஊர்ப் பெயரைப் போடுங்கள். வேற்றூர்க்காரர் பலர் கிளிக் செய்யாமல் விலகிப் போவார். எந்தெந்த ஊரிலிருந்து கிளிக் வந்தது என்ற அறிக்கையை வாரம் ஒருமுறை பாருங்கள். வேண்டாத ஊர்களை விலக்கி வையுங்கள். அந்த அறிக்கையும் கணிப்புதான் என்பதால், போன் செய்கிறவரிடம் "எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்தக் கணினியும் தராத துல்லியமான கணக்கு அதுதான். அந்த அண்ணாச்சி இப்போது அப்படித்தான் செய்கிறார்.